கோலெமின் மூன்று நாக்குகள்

யூதக் கதைகளில் கோலெம் என்பது களிமண்ணில் பிடித்த மனிதன். பிராக் நகரத்து யூதரைக் காக்க ஒரு ரப்பி அதற்கு உயிரூட்டினாராம். சிற்பி நிக்கி டி சான் ஃபால் 1972இல் ஜெரூசலத்தின் கிர்யத் ஹயோவெலில் அதைச் சிறுவர் சறுக்கியாக்கினார். கறுப்பு வெள்ளை உடம்பு; வாயிலிருந்து மூன்று சிவப்பு நாக்குகள். அவை யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மார்க்கங்களாம். பிள்ளைகள் பயப்படும் என்று முதலில் எதிர்ப்பும் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பயங்காட்டும் வாய்க்குள்ளேயே பிள்ளைகளை ஏற்றிச் சிரிக்கவைக்கிற வேலை அது. ஆனால் அந்தக் குடியிருப்பு எழுந்தது, 1948இல் வெறுமையாக்கப்பட்ட பைத் மஸ்மில் என்ற பலஸ்தீனக் கிராமத்தின் காணியில். மண்ணிலிருந்து பிறந்த உருவம், தான் நிற்கும் மண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. இஸ்லாத்துக்கென நீட்டிய நாக்கு எனக்கு வெறும் அலங்காரமாகத்தான் படுகிறது.