திரைக்கு முதுகு காட்டிப் படம் பார்ப்போம்

சின்ன ஊர்த் தியேட்டர் முதலாளி, புதுப்படம் வந்த அன்று படம் பார்ப்பதில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் கதவோரம் நின்று கூட்டத்தைப் பார்க்கிறார். எந்த வசனத்துக்குச் சிரித்தார்கள், எந்தப் பாட்டுக்கு எழுந்து போனார்கள், இடைவேளையில் கேண்டீன் பக்கம் என்ன பேச்சு என்று எல்லாம் பார்த்துவிட்டு, ராத்திரிக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: ‘ரெண்டு வாரம் நிக்கும்’, இல்லையென்றால் ‘வியாழக்கிழமையோட தூக்கிடணும்’.

மரக்காணம் உப்பளக் கரையில் இருப்பவர்களுக்கு மேற்கே போனால் திண்டிவனம், தெற்கே போனால் புதுச்சேரி. எங்கே போய்ப் படம் பார்த்தாலும், முதலாளியின் கண்ணைக் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொண்டால் ஒரே டிக்கெட்டில் இரண்டு காட்சி பார்க்கலாம். அதற்குச் சில வழிகள்.

திங்கட்கிழமை போங்கள்

வெள்ளி, சனி, ஞாயிறு வருவது நட்சத்திரத்தின் வசூல். திங்கள் முதல் வருவதுதான் படத்தின் வசூல். முதல் காட்சியில் விசில் பறக்காத பெரிய படமே கிடையாது. அதை வைத்து முதலாளி கணக்குப் போட மாட்டார்.

இதில் அவருடைய பிழைப்பும் இருக்கிறது. பெரிய படம் என்றால் முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். வாரம் ஏற ஏறத்தான் தியேட்டரின் பங்கு கூடும். முறுக்கும் டீயும் விற்பது தனிக் கணக்கு. எனவே முண்டியடித்து வந்து மூன்றே நாளில் வடிந்துபோகும் கூட்டத்தைவிட, முக்கால் அரங்கு நிறைந்து நாலு வாரம் ஓடும் படம்தான் அவருக்கு வேண்டும்.

1999 டிசம்பரில் வந்த பாலாவின் ‘சேது’ வாங்க ஆளில்லாமல் தவித்த படம். சிறிய அளவில் வெளியாகி, பார்த்தவர்களின் வாய்ச்சொல்லிலேயே மேலே வந்தது. மூன்று நாள் கணக்கில் அதை எடை போட்டிருந்தால் அப்படி ஒரு படம் வந்ததே தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை மேட்னிக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தனியாக வந்தவர் இன்று வீட்டாரைக் கூட்டி வந்திருக்கிறாரா? கைக்குழந்தையோடு பெண்கள் வந்திருக்கிறார்களா? ‘லேடீஸ் வர ஆரம்பிச்சாச்சு’ என்று முதலாளி சொன்னால், அந்தப் படம் பிழைத்துவிட்டது.

கதவோரம் உட்காருங்கள்

கடைசி வரிசையில் ஓர ஸீட்டுதான் இதற்கு நல்ல இடம். பாட்டு ஆரம்பித்ததும் எத்தனை பேர் எழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓரிருவர் போனால் இயல்பு. கதவு மூடாமலே ஆடிக்கொண்டிருந்தால் பாட்டு இடம் மாறி வந்திருக்கிறது. இப்போது செல்போனும் சாட்சி சொல்கிறது: இருட்டில் அங்கங்கே நீல வெளிச்சம் முளைத்தால் கதை தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சிரிப்பிலும் வகை உண்டு. ஒரு மூலையில் மட்டும் வெடிக்கும் சிரிப்பு நண்பர் கூட்டத்தினுடையது. முன் வரிசையில் கிளம்பிப் பின்னால் வரை பரவி, அடுத்த வசனம் காதில் விழாமல் அடித்துப்போடும் சிரிப்புதான் வசூல்.

படம் விட்டதும் உடனே வண்டியை எடுக்காதீர்கள். ஸ்டாண்டில் நின்று காது கொடுங்கள். ‘ஒருவாட்டி பாக்கலாம்’ என்றால் ஒரு வாரம். ‘ஃபைட்டு நல்லாருக்கு’ என்றால் மற்றதைப் பற்றிச் சொல்ல மனமில்லை. ‘படம் போனதே தெரியல’ என்றால் முதலாளி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

கூத்துப் பார்த்த கண்கள்

சினிமா வியாபாரத்தில் இந்தப் பகுதிக்குப் பெயர் ‘என்.எஸ்.சி.’ – வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு. தென் ஆர்க்காடு மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்துவிட்டது; விநியோகஸ்தர் கணக்கில் மட்டும் பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றும்தான் தெருக்கூத்தின் தாய்நிலமும். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. கூத்தில் பெரிய வேஷம் சட்டென்று வந்து நிற்காது. இரண்டு பேர் துணித்திரையைப் பிடித்துக்கொள்ள, துரியோதனன் அதற்குப் பின்னால் நின்று பாடுவான், ஆடுவான். மேலே கிரீடம் அசையும், கீழே சலங்கைக் கால் தெரியும். கூட்டம் நன்றாக ஏங்கிய பிறகுதான் திரை விலகும். சினிமாவில் நாயகனின் காலைக் காட்டி, கையைக் காட்டி, முதுகைக் காட்டி, கடைசியில் முகத்தைக் காட்டும்போது இந்தப் பக்கத்து அரங்குகள் ஏன் அதிர்கின்றன என்பது இங்கே விளங்கும். அந்தக் காத்திருப்பு அவர்களுக்குப் பழகிய சுகம்.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நாயகனைக் கலாய்க்கும் காமெடியன் கட்டாயம் வேண்டும். கூத்தில் கர்ண மோட்சத்துக்குக் கண்ணீர் விடுபவர்களுக்கு, நல்லவன் சாகும் படமும் ஆகாத படம் அல்ல. 1964இல் வந்த சிவாஜியின் ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலாகத் திரும்பி வந்து சென்னையிலேயே நூறு நாளைத் தாண்டியது. அடுத்த முறை உணர்ச்சிக் காட்சி நீளுகிறது என்று உங்களுக்குத் தோன்றும்போது, பக்கத்து ஸீட்டுக்காரரின் முகத்தைப் பாருங்கள். அவருக்கு அது நீளமாகவே இருக்காது.

உப்பும் மழையும் போடும் கணக்கு

ஒரே படம் ஓர் ஊரில் ஓடி இன்னோர் ஊரில் படுத்துவிட்டால், கதையை மட்டும் குறை சொல்லாதீர்கள். கூலி நாளையும் பாருங்கள். மரக்காணத்தில் உப்பு விளைவது வெயில் காலத்தில். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் தண்ணீருக்கு அடியில், வேலை இல்லை. ஊரெல்லாம் கொண்டாடும் தீபாவளிப் படம் உப்பளக் குடும்பத்துக்குக் கை வறண்ட நேரத்தில் வந்து நிற்கிறது. கோடைப் படத்துக்குக் கையில் கூலி இருக்கும், உடம்பில் தெம்பு இருக்காது. விடியுமுன் பாத்தியில் இறங்கி வெயில் ஏறும்வரை உப்பு வாரியவருக்கு செகண்ட் ஷோ ஒத்துவராது.

கடல் பக்கமும் கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது யார் கையில் பணம் புரளும் என்பது குப்பத்துக்குக் குப்பம் மாறும். புயல் வந்தால் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியது. அந்த வாரத்து வசூலை வைத்து எந்தப் படத்தையும் எடை போட முடியாது.

கணக்கு தப்பும் இடம்

முதலாளிகளின் கணக்கும் தப்பும். ரசனையில் சுவாரசியமே அங்கேதான். 2012இல் எடுத்து முடித்த சுந்தர். சி-யின் ‘மதகஜராஜா’, 2025 பொங்கலுக்கு வந்தபோது பழைய சரக்கு என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தப் பொங்கலில் ஜெயித்த படம் அதுதான். இருபது வருஷத்துக்கு முந்தைய ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மறுபடி வந்து புதுப்படம் போல வசூலித்தது. அதே ஆண்டு ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தைத் தமிழ்நாடு தன் படமாகவே எடுத்துக்கொண்டது. சின்ன ஊர்களைக் குறித்து ‘பி, சி சென்டர் ஆளுங்களுக்கு இது புரியாது’ என்று சென்னையில் உட்கார்ந்து சொல்பவர்கள் இந்த மூன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாய்ச்சொல் பரவி ஒரு படம் மெல்ல எழுந்து நிற்க அவகாசம் வேண்டும். இன்று படம் நாலே வாரத்தில் ஓ.டி.டி.க்குப் போய்விடுகிறது; அதை எட்டு வாரமாக்கச் சொல்லித் தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை அந்த அவகாசத்தைத் தர வேண்டியது நாம்தான். நல்ல சின்னப் படம் வந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் வாரத் திங்கட்கிழமையே போங்கள். வெளியே வரும்போது டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நிற்கும் முதலாளியிடம் படம் எப்படி என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாருங்கள். அன்றாட வசூல் கணக்கில் வராத அந்தச் செய்திக்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார்.