சென்சாரைத் தூக்கிவிட்டால் விடிய விடிய எரியுமா?

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவருக்கு, சுவரில் மாட்டிய சோலார் சென்சார் லைட் மேல் எரிச்சல் வருவது நியாயம்தான். கையை ஆட்டினால் எரிகிறது. பூட்டில் சாவி நுழைவதற்குள் அணைகிறது. சென்சாரைத் தூக்கிவிட்டு இரவு முழுக்க எரிய வைத்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

அந்த ஆசைக்கு ஒரு வலுவான காரணமும் உண்டு. இந்த சென்சார் பார்ப்பது ஆளை அல்ல, வெப்ப வித்தியாசத்தை. மே மாதத்தில் பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவிலும் சூடாறாமல் இருக்கும். சுவருக்கும் மனித உடம்புக்கும் வித்தியாசம் குறைந்தால் சென்சார் மந்தமாகிவிடும். குளிர்நாட்டில் ஒழுங்காக வேலை செய்யும் பொருள் நம்மூர்க் கோடையில் ஏமாற்றுவது இதனால்தான்.

மாற்றுவது கடினமும் இல்லை. பல போர்டுகளில் பிஐஎஸ்எஸ்0001 என்ற சிப் இருக்கும். அதன் இரண்டாவது கால்தான் டிரான்சிஸ்டருக்கு 'எரி' என்று சொல்கிறது. அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு, டிரான்சிஸ்டருக்குப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக வயரை சால்டர் செய்தால் லைட் அணையாது. சிக்கலும் அங்கேதான். பகலா இரவா என்று பார்க்கும் பகுதி ஒன்பதாவது காலில் இருக்கிறது. அது சென்சாரின் தூண்டலைத்தான் தடுக்கும், நாம் போட்ட வயரைத் தடுக்காது. பட்டப்பகலிலும் லைட் எரியும். ஏறுகிற சார்ஜ் அப்போதே இறங்கும்.

அதையும் சரிசெய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கணக்கு ஒத்துவருகிறதா? உள்ளே இருப்பது பெரும்பாலும் 1200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்று: 3.7 வோல்ட்டில் சுமார் 4.4 வாட்-மணி. 2 வாட் எல்இடி அதை இரண்டு மணி நேரத்தில் குடித்துவிடும். டிசம்பரில் நம் இரவோ பன்னிரண்டரை மணி நேரம். சென்சாரோடு, ஓர் இரவில் இருபது முறை இருபது வினாடி எரிந்தால் மொத்தம் ஏழு நிமிடம்கூட ஆகாது. மழை நாட்களுக்கும் சார்ஜ் மிஞ்சும்.

இரவு முழுக்க எரிய எவ்வளவு வேண்டும் என்பதற்கு மத்திய அரசின் அடல் ஜோதி யோஜனா நல்ல அளவுகோல். அதன் இரண்டாம் கட்டத்தில் 12 வாட் தெருவிளக்குக்கு 75 வாட் பேனலும், 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பேட்டரியும் வகுத்தார்கள். அந்த விகிதப்படி நம் 2 வாட் லைட்டுக்கு 12 வாட் பேனலும் பதினைந்து செல்லும் தேவை. கையில் இருப்பது ஒரு வாட் பேனல், ஒரு செல். ஆக, சென்சார் இங்கே கூடுதல் வசதி இல்லை. மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாமல் காக்கிற கை அது.

பேட்டரியின் ஆயுளும் குறையும். தினமும் அடிவரை காலியாகும் சாதாரண லித்தியம் செல் 300 முதல் 500 சுற்றுகளில் தளர்ந்துவிடும். ஒன்றரை வருடம் தாண்டுவது சந்தேகம். வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடந்தால், லைட் வேண்டிய நேரத்தில் இருட்டுதான்.

நடுவழி ஒன்று உண்டு. நல்ல வெயிலில் சுவரில் மாட்டிய ஒரு வாட் பேனல் நாளொன்றுக்கு இரண்டரை வாட்-மணி தந்தாலே பெரிது. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் 0.2 வாட்: படியும் பூட்டும் தெரிகிற மங்கல் வெளிச்சம். மூன்று மோடு உள்ள லைட்டுகளில் 'மங்கலாக எரிந்து, ஆள் வந்தால் பிரகாசமாகும்' மோடு பெரும்பாலும் இருக்கிறது. சால்டர் தேவையே இல்லை.

என் தீர்ப்பு: முழு வெளிச்சத்துக்காக சென்சாரை நீக்குவது வீண்வேலை. முதலில் லைட்டை இடம் மாற்றிப் பாருங்கள். நேரே வருகிறவரைவிடக் குறுக்கே கடப்பவரை சென்சார் நன்றாகப் பிடிக்கும். பிறகு மங்கல் மோடு. அதுவும் போதாமல் வாசலில் விடிய விடிய வெளிச்சம் வேண்டுமென்றால், மின் இணைப்புள்ள வீட்டில் 9 வாட் எல்இடி பல்பே போதும். இரவு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஆறரை யூனிட்தான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அதே காலத்துக்கு 100 யூனிட் இலவசம். கரன்ட் இல்லாத காலி மனைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் மட்டுமே சோலார் கட்டாயம். அங்கேயும் வெட்டி ஒட்டுவதைவிடப் பெரிய பேனலும் பெரிய பேட்டரியும் உள்ள லைட்டை வாங்குவதே லாபம்.