‘நியாயமான வசதி’ – ஒரு சொல்லாராய்ச்சி

சட்ட நூலை இலக்கியத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வார் அரியர். மதரஸாவில் ஓதியவர்களுக்கோ அது பழகிய வேலை. மத்னு என்னும் மூலவாசகம், அதன்மேல் ஷரஹு என்னும் விரிவுரை, ஓரத்தில் ஹாஷியா என்னும் குறிப்பு. இவற்றை விரித்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லுக்காக லுஹரிலிருந்து அஸர் வரை உட்கார்ந்திருந்த தலைமுறை எங்களுடையது. அந்தப் பழக்கத்தோடுதான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை அண்மையில் படிக்கலானேன். சட்டம் மத்னு, 2017இல் வந்த விதிகள் ஷரஹு, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஹாஷியா. படித்துச் செல்கையில் ஒரு சொற்றொடர் மேலே போகவிடாமல் என்னை நிறுத்திவிட்டது.

வேலையிடத்தில் உடற்குறையுள்ள ஒருவர் தம் பணியைப் பிறரைப் போலவே செய்வதற்கு வேண்டிய மாற்றங்களைச் செய்து தருவதைத்தான் இச்சட்டம் அச்சொற்றொடரால் குறிக்கிறது. தமிழில் நாம் அதனை ‘நியாயமான வசதி’ என்று சொல்லிவிடுகிறோம். சொன்ன மாத்திரத்தில் பொருள் பாதி போய்விடுகிறது. வசதி என்றால் நம் காதில் என்ன விழுகிறது? வசதி படைத்தவர், வசதியான வீடு, வசதிப்பட்டால் வாருங்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குற்றமில்லை என்னும் தொனி அச்சொல்லின் வேரிலேயே கிடக்கிறது. சிலர் இன்னும் ஒரு படி இறங்கி ‘சலுகை’ என்று எழுதுகிறார்கள். கொடுப்பவர் கை மேலும் வாங்குபவர் கை கீழுமாகக் காட்டும் சொல் அது. சட்டமோ இதைக் கொடை வரிசையில் வைக்கவில்லை. இம்மாற்றத்தைச் செய்ய மறுப்பதே பாகுபாடு ஆகும் என்று தன் 2ஆவது பிரிவிலேயே வரையறுத்துவிட்டது.

இச்சட்டத்திற்கு மூலமான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசம்பரில் நிறைவேறியது. 2007இல் இந்தியா அதனை ஏற்றுக்கொண்டது. அதன் அதிகாரபூர்வ மொழிகளில் அரபியும் ஒன்று. அரபி வாசகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அங்கே இச்சொற்றொடர் ‘தர்த்தீபாத் தைஸீரிய்யா மஅகூலா’ என்று நிற்கிறது. தைஸீர் என்றால் எளிதாக்குதல். அலம் நஷ்ரஹ் சூராவில் இருமுறை வரும் அந்த ‘யுஸ்ர்’ என்னும் சொல்லின் குடும்பம்தான். ‘தர்த்தீப்’ என்பது ஒழுங்கு செய்தல். ஆக, வேலையை எளிதாக்கும் ஒழுங்கு முறை என்பது பொருள். ‘மஅகூல்’ என்பது அறிவுக்கு ஒத்தது. அக்ல் என்னும் அறிவும், ஒட்டகத்தின் காலை மடக்கிக் கட்டும் ‘இகால்’ என்னும் கயிறும் ஒரே தாதுவிலிருந்து பிறந்தவை என்பதை அரபி ஓதிய பிள்ளைகள் அறிவார்கள். சட்டத்தில் இருக்கும் ‘நியாயமான’ என்னும் அடைமொழியும் அப்படிப்பட்ட கயிறுதான். தொழிலாளியின் கோரிக்கையையும் அது கட்டும். முதலாளியின் மறுப்பையும் கட்டும். இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல வேண்டும். இச்சொற்றொடர் அமெரிக்கத் தொழிற் சட்டத்தில் முதலில் நுழைந்தது உடற்குறை பற்றியன்று, வழிபாடு பற்றி! தொழிலாளியின் மதக் கடமைக்குப் பணியிடம் நியாயமாக இடம் தர வேண்டும் என்று 1972இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பின்னரே அது உடற்குறையுடையோர்க்கு விரிந்து, 1990இன் சட்டத்தில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தியது. ஜும்ஆவுக்கு அரைமணி நேரம் கேட்டு மேலாளர் முன்னே தயங்கி நிற்கும் நம் இளைஞரும், நிற்க முடியாத காலுக்கு ஒரு முக்காலி கேட்டு நிற்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே சொல்லின் கீழ் நின்றவர்கள். முன்னவர்க்கு மறுத்தால் நமக்குச் சினம் வருகிறது.

இனி ஹாஷியாவுக்கு வருவோம். நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு. அப்போது டான்ஜெட்கோ என்று வழங்கிய மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான இளைஞர் ஒருவர்க்கு மருத்துவச் சோதனையில் நிறங்களைப் பிரித்தறியும் பார்வைக் குறை இருப்பது தெரிந்தது. வேலை மறுக்கப்பட்டது. மின்கம்பிகளைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறத்தால் அறிய வேண்டிய தொழில் ஆயிற்றே என்பது கழகத்தின் கவலை. அதனைப் பொய்க் கவலை என்று நான் சொல்லமாட்டேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இளைஞர் பக்கம் தீர்ப்பளித்தார். இருவர் அமர்வு அதை மாற்றியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் ஆகியோர் 2023 அக்டோபர் 16ஆம் நாள் அவருக்குப் பணி தரும்படி ஆணையிட்டார்கள்.

இத்தீர்ப்பின் சிறப்பு முடிவில் இல்லை, அது கண்டுபிடித்த முரணில் இருக்கிறது. சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைகள் உள்ளன. நிறம் அறியாமை அவற்றில் இல்லை. ஆகவே இட ஒதுக்கீடு கேட்க அவர் போதிய ஊனமுற்றவர் அல்லர். வேலை கேட்டால் மட்டும் ஊனமுற்றவர்! பட்டியலுக்கு வெளியே நிற்கிறார் என்பதற்காக, வேலையை அவர்க்கு ஏற்ப ஒழுங்கு செய்யும் கடமையிலிருந்து நிறுவனம் தப்ப முடியாது என்று நீதிமன்றம் கொண்டது. உதவிப் பொறியாளர் தனி ஆளாய்க் கம்பி முடுக்குபவர் அல்லர், பலர் கூடிச் செய்யும் பணியில் ஒருவர். அவர்க்கு ஏற்ற பொறுப்பு எது என்று தேடினீர்களா என்பதே கேள்வி. ஆளின் குறை என்ன என்று அளப்பதற்கு முன் ஏற்பாட்டின் குறை என்ன என்று பார்க்கச் சொல்கிறது தீர்ப்பு.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி). ‘அபஸ’ சூராவின் வழியாக அவரை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அச்சூராவைப் பேசுவோர் பலரும் அவரது மற்றொரு செய்தியைப் பேசுவதில்லை. மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தின்கள் இருவரில் அவர் ஒருவர். ரமளானில் பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்வார். அதன் பின்னும் உண்ணலாம். உண்பதை நிறுத்த வேண்டிய ஃபஜ்ரு பாங்கைச் சொல்பவர் இப்னு உம்மி மக்தூம். வைகறை வெளுப்பைக் கண்ணால் கண்டு சொல்ல வேண்டிய பாங்கு, கண்ணில்லாதவர் கையில்! விடிந்துவிட்டது என்று பிறர் அவரிடம் சொல்வார்கள், அவர் பாங்கு சொல்வார். புகாரியிலும் இது பதிவாகியிருக்கிறது. அந்த ஏற்பாட்டிற்கு ஆன செலவு ஒரு வாய்ச்சொல்.

அதைவிட நுட்பமானது நம் சட்ட அறிஞர்கள் அதிலிருந்து எடுத்த விதி. ஸஹீஹ் முஸ்லிமில் அப்பாடத்தின் தலைப்பே, பார்வையுள்ள ஒருவர் உடன் இருப்பின் பார்வையற்றவர் பாங்கு சொல்லலாம் என்னும் கருத்தில் அமைந்தது. இமாம் நவவி தம் விரிவுரையில், உடன் ஆள் இல்லாதபோது அது மக்ரூஹ், ஆள் இருந்தால் மக்ரூஹ் இல்லை என்னும் தம் மத்ஹபின் கருத்தை எடுத்துக் கூறுகிறார். மக்ரூஹ் எங்கே விழுகிறது பாருங்கள். அந்த மனிதரின் கண்ணில் விழவில்லை. உதவியாள் இல்லாத ஏற்பாட்டில் விழுகிறது. 2023இன் தீர்ப்பும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

நம் ஃபிக்ஹு முழுவதும் இப்படித்தான் என்று பெருமை பேசினால் அது திறனாய்வு ஆகாது. காழிக்குப் பார்வை நிபந்தனை என்றே பெரும்பான்மை ஃபகீஹ்கள் எழுதி வைத்தார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி இருந்தது. மத்தியப் பிரதேசத்து நீதித்துறைப் பணியிலிருந்து பார்வையற்றோரை விலக்கிய அவ்விதியை 2025 மார்ச் 3ஆம் நாள் நீதிபதிகள் பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் செல்லாது என்றனர். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் அறிஞர் ஸஃபதீ, பார்வையற்ற பெருமக்களின் வரலாற்றுக்கென்றே ‘நக்துல் ஹிம்யான்’ என்னும் நூலை எழுதினார். அத்தனை பேர் அறிவுத்துறையில் நிமிர்ந்து நின்றதைப் பதிவு செய்த அதே உலகம்தான் காழியின் இருக்கையை மட்டும் அடைத்து வைத்தது.

சட்டத்தின் மீது எனக்குள்ள குறையைச் சொல்ல வேண்டிய இடம் இது. 20ஆவது பிரிவு நல்ல பிரிவு. பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக் கூடாது, பதவியிறக்கம் கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அத்தகைய பணி இல்லையேல், அது கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை உபரிப் பணியிடத்திலேனும் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு திட்டவட்டமாகப் பேசும் வாசகம், ‘அரசு நிறுவனம்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. தனியார் வாசலுக்கு வந்ததும் குரல் தாழ்கிறது. சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. அதையும் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்கள் விரிவாக எழுதினால் போதும், சிறிய இடங்கள் சுருக்கமாக எழுதலாம் என்று விதிகள் தளர்த்துகின்றன. தனியாரில் நூற்றுக்கு 5 பேரை அமர்த்தினால் ஊக்கம் தரலாம் என்கிறது 35ஆவது பிரிவு. ஒருவர்க்குக் கட்டளை, ஒருவர்க்கு மிட்டாய்.

எங்கள் அய்யலூரிலிருந்து வடமதுரை, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஷிப்டுக்கு ஷிப்டு வேன்கள் ஆள் ஏற்றிச் செல்கின்றன. ஷிப்டு முழுவதும் நின்றே செய்யும் வேலை அங்கு மிகுதி. வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையில் கணக்கெழுதுபவர், கடையில் பில் போடுபவர், ரைஸ் மில்லில் மூட்டைக் கணக்குப் பார்ப்பவர் என்று நம் வட்டாரத்து உழைப்பாளரில் அரசு ஊழியர் எத்தனை பேர்? போலியோ கால் கொண்ட ஒருவர் நூற்பாலையில் முக்காலி கேட்டால் எந்தப் பிரிவைக் காட்டுவார்? மறுப்பது பாகுபாடு என்னும் 2ஆவது பிரிவின் வரையறை இருக்கிறது, உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நீதிமன்றம் வரை நடக்க வேண்டும், அதே காலோடு.

‘அளவுக்கு மீறிய சுமை’ நேராத வரையில்தான் இக்கடமை என்கிறது வரையறை. அரபி வாசகம் அச்சுமையைத் ‘தேவையற்ற’ சுமை என்று பெயர்க்கிறது. ஆங்கிலத்தைவிட அது ஒரு பிடி இறுக்கம். சுமை எவ்வளவு என்று முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? நிறுத்துப் பார்க்காமலே சுமை என்பவர் முதலாளிகள் மட்டுமல்லர் என்பதை நான் என் கையொப்பத்தாலேயே அறிவேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு மதரஸாவில் ஹிஃப்ளு உஸ்தாது ஒருவர்க்குச் சர்க்கரை நோயால் பார்வை குன்றிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் வருகைப் பதிவேடு எழுத முடியவில்லை. நிர்வாகக் குழு கூடியது. நல்ல மனிதர்கள், வருத்தப்பட்டார்கள், ஜமாஅத்தில் வசூல் செய்து கணிசமான தொகை சேர்த்தார்கள், சால்வை போர்த்தி, துஆச் செய்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். தீர்மானத்தில் நானும் ஒப்பமிட்டேன். குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கும் ஒருவர்க்குப் பிள்ளைகளிடம் பாடம் கேட்கக் கண் எதற்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பதிவேட்டை மூத்த மாணவன் ஒருவனிடம் கொடுத்திருக்கலாம். இப்னு உம்மி மக்தூமின் ஹதீஸை அந்த ஆண்டும் நான் பாடம் நடத்தினேன். அன்று அங்கே பணியாளர் பதினொரு பேர். இன்றைய விதியின் கணக்கிலும் நாங்கள் சிறிய இடம்தான். நீட்டி எழுத வேண்டிய கொள்கைகூட இல்லை. நாங்கள் கொடுத்தது ஸதகா. அவர் கேட்டிருந்தால் கேட்டிருக்கக் கூடியது வேலை.

சென்ற ஷஅபான் விடுமுறையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இருவர் பாடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஓரிடத்தில் ஹரகத்தை மாற்றி ஓதிவிட்டான். நான் கவனிக்கவில்லை. அவர் விரலால் தரையில் ஒருமுறை தட்டினார். பிள்ளை திரும்பச் சென்று சரியாக ஓதினான்.