நான்காவது நிமிஷம்

தாம்பரத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமை விடியலில் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டங்களைச் சாலையோரத்தில் நின்று தவறாமல் பார்த்துவருகிற ரசிகர்களுக்கு, யார் முந்தினார், யார் எத்தனை நிமிஷத்தில் வந்தார் என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லவேண்டிய அவசியமில்லை. அந்தக் கணக்குகள் அன்று காலையிலேயே எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டன. சென்ற புரட்டாசியில் குன்றத்தூரை ஒட்டி நடந்த ஓட்டத்தில், நாற்பது வயதைத் தாண்டிய, அதுவரையில் எந்தப் பந்தயத்திலும் கால் வைத்திராத ஓர் அம்மாள் செய்த ஒரே ஒரு காரியத்தைப் பற்றி எழுதுவதே இந்த வாரம் என் உத்தேசம். ஏனெனில், அதைப் பார்த்த அத்தனை பேரும் அதைத் தப்பாகவே புரிந்துகொண்டார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கொடி அசைந்ததும் கூட்டம் வழக்கம்போலப் பாய்ந்தது. அந்த அம்மாள் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டு, நான்கு நிமிஷம் நிதானமாக ஓடினார். மூச்சு வாங்கவில்லை, முகம் வாடவில்லை, கால் தளரவில்லை. முன்னே போகிறவர்களுடைய முதுகு இன்னும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த அந்த வேளையில், கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நடக்கத் தொடங்கினார். ஒரு நிமிஷம் நடந்தார். பிறகு ஓடினார். இன்னும் நான்கு நிமிஷம் கழிந்ததும் மறுபடி நடந்தார். டீக்கடை வாசலில் நின்றவர்கள், "என்னக்கா, அதுக்குள்ளயா?" என்றார்கள், நல்லெண்ணம் கொண்ட சிலர், "ஓடுங்கம்மா, ஓடுங்க!" என்று கைதட்டினார்கள், என் பக்கத்தில் நின்றிருந்த, பல பந்தயங்களில் ஓடிப் பழகிய நண்பரோ, "பிராக்டீஸ் பத்தலை" என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அன்று காலை அந்தச் சாலையில் எடுக்கப்பட்ட தீர்மானங்களிலெல்லாம் மிகச் சிறந்தது அதுதான் என்று நான் சொல்லுகிறேன். மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்களே பலர், அவர்களை நடக்கவைத்தது உடம்பு. அந்த அம்மாளை நடக்கவைத்தது புத்தி. சாலையோரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே நடையாகத் தெரிவதுதான் இந்தப் பிழையின் மூலம்.

விஷயத்தைச் சற்று விவரமாகப் பார்ப்போம். தடகள சாஸ்திரத்தில் 5,000 மீட்டர் என்பது நெடுந்தூர ஓட்டத்தைச் சேர்ந்தது, 42.195 கிலோமீட்டர் மாரத்தானை அளவுகோலாக வைத்துக்கொண்ட சாலை ஓட்டக்காரர்களின் வழக்கில்தான் அது குறுகிய ஓட்டம் என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரைக் கேட்டு ஏமாந்துதான் புதியவர்கள் முதல் கிலோமீட்டரைப் பறந்து கடக்கிறார்கள். ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நிமிஷங்களில், உடம்புக்குத் தேவைப்படும் பிராணவாயு முழுவதையும் நுரையீரலும் இருதயமும் உடனே கொண்டுவந்து சேர்த்துவிடுவதில்லை. குறைவதைத் தசைகள் தங்கள் சேமிப்பிலிருந்து ஈடுசெய்துகொள்கின்றன. அந்தச் சேமிப்பில் ஓடுகிறவனுக்கு, தான் கடனில் ஓடுகிறோம் என்ற பிரக்ஞையே இராது. வேகம் சுகமாகத்தான் இருக்கும். கடன் தெரியவரும் நேரத்தில் மூச்சும் காலும் சேர்ந்தே மறுத்துவிடும். இதற்கு மேல் நம் ஊர்க் காற்றின் குணம் வேறு இருக்கிறது. விடியற்காலை குளிர்ச்சியானது என்று நாம் நினைக்கிறோம். கடலை அடுத்த இந்தப் பிரதேசத்தில் காற்றின் ஈரம் மிகுந்திருப்பதும் அந்த வேளையில்தான். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்க, உடம்பின் உஷ்ணம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகிறது. இவ்வளவையும் முன்கூட்டியே அறிந்து, களைப்பு வருமுன் இருதயத்துக்கு ஒரு நிமிஷம் அவகாசம் கொடுப்பது பலஹீனமாகுமா?

கணக்கும் அந்த அம்மாளின் பக்கமே பேசுகிறது. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம் என்ற சாதாரண வேகத்தில் நான்கு நிமிஷம் ஓடினால் சுமார் 530 மீட்டர். ஒரு நிமிஷம் விறுவிறுப்பாக நடந்தால் 100 மீட்டர். ஆக, ஐந்து நிமிஷத்துக்கு 630 மீட்டர் என்ற கணக்கில் முழுத் தூரமும் 40 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முதல் கிலோமீட்டரை ஆறு நிமிஷத்தில் கடந்து எல்லோருடைய கைதட்டலையும் வாங்கிக்கொண்ட புதியவர், மீதி நான்கையும் கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிஷமாக இழுத்துக்கொண்டு வந்தால் ஆகும் காலம் 42 நிமிஷம்.

பார்வையாளர்களின் கண் இப்படிப் பிசகுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. அதற்காக ஒரு தலைமுறைக்கு மேல் பெண்கள் அபராதம் செலுத்தியிருக்கிறார்கள். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள்; ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். முழு மூச்சுடன் ஓடிய எந்த ஆண்மகனும் செய்வதைப்போல, ஓட்டம் முடிந்த பிறகு சிலர் தரையில் சாய்ந்தார்கள். பெண்கள் கொத்தாக மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஓடாதவர்களைக்கூட ஓடி விழுந்தவர்கள் கணக்கில் சேர்த்த பத்திரிகைகள் உண்டு. அதன் பிறகு 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் வரையில் அந்த ஓட்டம் பெண்களுக்கு இல்லாமலே போயிற்று. 5,000 மீட்டரோ, ஆண்களுக்கு 1912லேயே கிடைத்தது, பெண்களுக்கு 1996ல்தான் வாய்த்தது. ஓய்வாகச் சாய்வதைத் தோல்வி என்று படித்த அந்த நிருபர்களுக்கும், நடையைத் தோல்வி என்று படித்த நம் டீக்கடை ரசிகர்களுக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தோன்றவில்லை.

1996 என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய தம் தாயாரை ஓடவைக்க வேண்டும் என்ற ஆசையால் அமெரிக்க இளைஞர் ஒருவர் ஒன்பது வாரப் பயிற்சித் திட்டமொன்றை வகுத்தது அதே ஆண்டில்தான். பிற்காலத்தில் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையே எடுத்துப் பரப்பிய அந்தத் திட்டத்தின் முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மறுபடி ஓட்டம், மறுபடி நடை, அவ்வளவுதான் இருக்கிறது. அதற்கும் முன்னே, மியூனிச் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஒருவர், 1974ல் ஓட்டமே அறியாதவர்களுக்கு வகுப்பு நடத்தியபோது, இடையிடையே நடக்கவைத்தே அவர்களை ஐந்து அல்லது பத்துக் கிலோமீட்டருக்குத் தயார் செய்தார். உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்களோடு ஓடிப் பார்த்தவர் கண்டுபிடித்த உபாயத்தை, ஓட்டப்பாதையை மிதித்தறியாதவர்கள் பரிகசிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த அம்மாளை நான் பந்தயத்தன்று புதிதாகப் பார்க்கவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் குன்றத்தூர் முருகன் மலையிலிருந்து இறங்கிக் கலைந்த சில நாட்களில், வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் காலை ஐந்தரை மணிக்கு, சுடிதாரும் சாதாரணக் கான்வாஸ் ஷூவுமாக அவர் நடந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் நடையின் நடுவே சிறிது ஓட்டம். அதற்கடுத்த வாரம் சற்று அதிகம். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே வருவார். மற்ற நாட்களில் அவரைக் காண முடியாது. அந்த இடைநாட்களின் அருமையை நம் இளைஞர்கள் அறியவேண்டும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. மூச்சு சௌகரியமாக இருக்கிறதே என்று தினந்தோறும் ஓடுகிறவனுக்கு மூன்றாவது வாரத்தில் முன்னங்கால் எலும்பு வலிக்கத் தொடங்கி, நான்காவது வாரத்தில் ஷூ பரண்மேல் ஏறிவிடுகிறது. நடுவில் ஒருநாள் புது ஷூ ஒன்று வாங்கி, அதையும் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே போட்டுப் பழக்கினார் அந்த அம்மாள். யாருடனாவது பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்துக்கு மேல் அவர் போய் நான் பார்த்ததில்லை. பேச யாரும் கிடைக்காத நாட்களில் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், கந்தர் கவசமாக இருக்கலாம்.

குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு 84 படிகள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் பிள்ளைகள் மேலே போனதும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், இருபது படிக்கு ஒருமுறை நின்று, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு ஏறும் பாட்டி நேரே சந்நிதிக்குப் போய்க் கைகூப்புவதையும் இந்த ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டியை யாரும் கேலி செய்வதில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகும் பழைய குருசாமிகளும், கால் கொப்பளித்த பிறகு உட்காருவோம் என்று சொல்லமாட்டார்கள், கொப்பளிக்குமுன் உட்காரவைப்பார்கள். நமக்குப் பரம்பரையாகத் தெரிந்த இந்த ஞானம், மார்பில் ஓர் எண் அட்டையைக் குத்திக்கொண்டதும் மறந்துபோவானேன்?

நன்கு தேர்ச்சி பெற்ற ஓட்டக்காரர் நடக்க வேண்டியதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அவரும் கடைசிக் கிலோமீட்டருக்குச் சக்தியை மிச்சம் வைத்தே ஓடுகிறார். அந்த அம்மாளும் கடைசிக் கிலோமீட்டரில் நடக்கவே இல்லை என்பதையும், தம்மை முந்திப் போனவர்களில் பலரை அங்கேதான் அவர் தாண்டினார் என்பதையும் எத்தனை பேர் கவனித்தார்கள்? அந்நேரம் டீக்கடைக்காரர்கள் பந்தயத்தை மறந்துவிட்டிருந்தார்கள். என் நண்பர் பரிசு மேடைக்குப் போய்விட்டார்.

இனி நடக்கப்போவதைச் சொல்லுகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, சாலையோரங்களில் தண்ணீர் தேங்கியதும், புரட்டாசியில் அவருக்கு முன்னே ஓடிவந்தவர்களில் பாதிப்பேர் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அவர் நிறுத்தமாட்டார். வருகிற ஜனவரியில் சென்னை மாரத்தானோடு சேர்த்து நடக்கும் பத்துக் கிலோமீட்டருக்கு அவருடைய சிநேகிதிகள் அவரை இழுப்பார்கள். அவர் மறுத்து, இன்னோர் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில், நான்கு நிமிஷத்துக்குப் பதிலாக ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை நடந்து, முன்னைவிட விரைவாக முடிப்பார். பத்துக் கிலோமீட்டர் அதற்கடுத்த ஜனவரியில் வரும். 2004ல் லண்டன் பூங்கா ஒன்றில் பதின்மூன்று பேர் ஒரு சனிக்கிழமை ஐந்து கிலோமீட்டர் ஓடியதிலிருந்து, வாரந்தோறும் கட்டணமில்லாமல் பல தேசங்களில் நடக்கும் ஓட்டம் ஒன்று வளர்ந்தது. அதைப்போன்ற ஒன்றை நம் பக்கத்திலும் யாராவது தொடங்குவார்கள் என்றும், அதில் பெருங்கூட்டம் நாற்பது வயதைக் கடந்த பெண்களாகவே இருக்கும் என்றும், போட்டி நடத்துகிறவர்கள் இன்று காலவரம்பு என்ற பேரில் அவர்களை அவசரப்படுத்துவதை அப்போது கைவிட நேரும் என்றும் நான் நம்புகிறேன். இந்த நம்பிக்கையில் எனக்குப் பட்சபாதம் உண்டு. நான் நடக்கிறவர்களின் கட்சி.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாலையோரத்தில் நிற்கும்போது, களைப்பே தெரியாத முகத்துடன் யாராவது நான்காவது நிமிஷத்தில் நடக்கத் தொடங்கினால், தயவுசெய்து "ஓடுங்க, ஓடுங்க" என்று கூவாதீர்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள், அவரே ஓடுவார்.