கல்லும் விசுவாசமும்

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' 1943-ல் வெளிவந்தது. அதை ராம தூஷணை என்று முகம் சுளிப்பவர் உண்டு. அது விசுவாசத்தின் கதை என்பது என் கட்சி.

வால்மீகியில் அகலிகை கல்லாகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறாள். கம்பரில்தான் கல். புதுமைப்பித்தன் அந்தக் கல்லை இரண்டு முறை வைக்கிறார். முதல் கல் பாவத்துக்குத் தண்டனை. ராமனின் கால் புழுதி பட்டு நீங்குகிறது. மன்னித்தவன்மேல் வைத்த நம்பிக்கையே அவளுக்குப் புது உயிர். தீயில் இறங்கிய கதையைச் சீதையே சொல்லக் கேட்டதும் அந்த உயிர் ஒடுங்குகிறது. கடைசியில் மறுபடி கல். இந்தத் தடவை சபித்தவர் யாருமில்லை!

அமெரிக்கரான ஹாதார்ன் 1835-ல் எழுதிய 'யங் குட்மேன் பிரௌன்' கதையில் மனைவியின் பெயரே 'விசுவாசம்'. காட்டில் அவளுடைய ரிப்பன் காற்றில் வந்து விழுகிறது. பிறகு கணவனுக்கு ஊரெல்லாம் பாவிகள். சின்னத்தின் பொருளை ஆசிரியரே பெயராக ஒட்டிவிட்டார். நம்முடைய கல்லோ வாய் திறப்பதில்லை.

சிங்காநல்லூர்ப் பக்கம் வேப்பமரத்தடிக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறோம். கல்லில் தெய்வத்தைக் காணத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண்ணின் மனக்கசப்பைக் காண்பதா கஷ்டம்?