பெருங்காயமும் ரபாபும்

உங்கள் வீட்டு ரசத்தில் ஆப்கானிஸ்தான் இருக்கிறது, தெரியுமா? பெருங்காயத்தின் மூலச்சரக்கு பெரும்பாலும் அங்கிருந்தும் ஈரான் பக்கமிருந்தும்தான் வருகிறது. மற்றபடி அந்த நாட்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? நம் தாத்தாக்களுக்கு, வட்டி கேட்டு வாசலில் நின்ற ஈட்டிக்காரன். நமக்கு, டி.வி. செய்தியில் பார்த்த தாடி, துப்பாக்கி, நீல புர்கா. அவ்வளவுதான்.

எனக்கும் அவ்வளவுதான், ‘ஆப்கன் ஸ்டார்’ ஆவணப்படத்தைப் பார்க்கும் வரை. பார்த்த இடம் சேத்துப்பட்டு. உடனே எழும்பூருக்கு அடுத்த ரயில் நிலையத்தை நினைக்காதீர்கள். இது ஆரணிக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்து சேத்துப்பட்டு. நாற்பது வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்த என் பெரியப்பா வீட்டில், லேப்டாப்பில் பார்த்தேன். அவரும் கூட உட்கார்ந்துகொண்டார்.

ஹவானா மார்கிங் என்ற பிரிட்டிஷ் பெண்மணி எடுத்த படம். 2009 சன்டான்ஸ் விழாவில் இரண்டு விருதுகள் வாங்கியது. விஷயம் எளிது. 1996 முதல் 2001 வரை பாட்டையே தடை செய்திருந்தார்கள் தாலிபான்கள். அவர்கள் போன பின், 2005-ல் டோலோ டி.வி. ஒரு பாட்டுப் போட்டி ஆரம்பித்தது. நம் ‘சூப்பர் சிங்கர்’ மாதிரிதான், செல்போனில் ஓட்டு. கந்தஹாரிலிருந்து லிமா, ஹெராத்திலிருந்து செதாரா என்ற இரண்டு பெண்கள், மஸாரிலிருந்து ரஃபி, ஹஸாரா இனத்து ஹமீத் ஆகிய நான்கு பேரின் பின்னால் போகிறது காமிரா.

செதாரா தோற்றுப்போகிறாள். விடைபெறும் பாட்டில் கொஞ்சம் ஆடுகிறாள். முக்காடு நழுவுகிறது. அடுத்த நாள், அவளைக் கொல்ல வேண்டும் என்று சாதாரணமாகப் பேசுகிறார்கள் ஜனங்கள். இந்த இடத்தில் மார்கிங்கைப் பாராட்ட வேண்டும். உபதேசம் செய்வதில்லை. முகங்களைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் எனக்கு ஒரு குறை. பாட்டைப் பற்றிய படத்தில் பாட்டைக் கேட்கவிடவில்லை! குரல் சூடுபிடிக்கும்போது காமிரா ஓட்டு எண்ணிக்கைக்கு ஓடிவிடுகிறது. பாடுகிற துணிச்சல் மேல் இருக்கும் அக்கறை, பாடுகிற சங்கீதத்தின் மேல் இல்லை. அது எங்கிருந்து வந்தது, யாருடையது? பதிலே இல்லை.

பதிலுக்கு இன்னொரு பதிவைக் கேட்கவேண்டியிருந்தது. உஸ்தாத் முகமது ஓமர் என்ற ரபாப் மேதை 1974-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் வாசித்த கச்சேரி. 2002-ல் ஸ்மித்ஸோனியன் வெளியிட்டது. தபலா யார் தெரியுமா? அப்போது 23 வயதே ஆன நம்ம ஜாகிர் ஹுசேன். கண்ணை மூடிக் கேட்டால் அந்நியமாகவே தோன்றாது. தோன்றாததற்குக் காரணமும் உண்டு. 1860-களில் மன்னர் ஷேர் அலி கான் இந்தியாவிலிருந்து பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் காபூலுக்கு அழைத்துப்போனார். அவர்கள் குடியேறிய பகுதிதான் கராபாத். அங்கே பிறந்த உஸ்தாத் சராஹங், பாட்டியாலா கரானாவில் பாட்டு கற்றவர்.

“இது இன்னா மரத்துல செய்யறாங்க?” என்றார் பெரியப்பா, ரபாபைக் கேட்டுவிட்டு.

“மல்பெரி மரம் பெரியப்பா. ஒரே கட்டையைக் குடைஞ்சு, மேல ஆட்டுத்தோல் கட்டுவாங்க.”

“முசுக்கொட்டையா! அப்ப இலை நமக்கு, மரம் அவங்களுக்குன்னு சொல்லு.” பட்டுப்புழுவின் தயவில் பிழைத்தவருக்கு அது போதும், ஆப்கானியர்கள் உறவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

2021 ஆகஸ்ட்டில் தாலிபான்கள் திரும்பி வந்தார்கள். ஆப்கன் தேசிய இசைக் கல்லூரியின் மாணவர்களும் ஆசிரியர்களும் போர்ச்சுகலுக்குப் போய்விட்டார்கள். 2023 ஜூலையில் ஹெராத்தில், செதாராவின் அதே ஊரில், வாத்தியங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். 2024 ஆகஸ்ட்டில் வந்த சட்டம், பொது இடத்தில் பெண்ணின் குரலே கேட்கக்கூடாது என்கிறது. அன்றைக்கு முக்காடு நழுவியது குற்றம். இன்றைக்குக் குரலே குற்றம். அதே வருஷம் டிசம்பரில் ரபாப் செய்வதையும் வாசிப்பதையும் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக யுனெஸ்கோ அறிவித்தது. வேடிக்கைதான், சிரிக்கத்தான் முடியவில்லை.

குறை சொன்னேனே தவிர, இன்றைக்கு அந்தப் படத்தின் மதிப்பு கூடியிருக்கிறது. ஒரு ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்து, யார் நன்றாகப் பாடுகிறார்கள் என்று சண்டை போட்டுக்கொண்ட நாட்களுக்கு அது சாட்சி. என் சிபாரிசு: முதலில் ஓமரைக் கேளுங்கள். அப்புறம் படத்தைப் பாருங்கள். இந்த வரிசையில் போனால், பறிபோனது யாரோ ஒருவருடைய சுதந்திரம் மட்டுமில்லை, நமக்கும் சொந்தமான ஒரு சங்கீதம் என்பது உறைக்கும்.

விஷயத்தை எல்லாம் சொல்லி முடித்தபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தறிப் பக்கத்தில் எப்போதும் ரேடியோ வைத்திருந்த மனிதர்.

“பாட்டு கூடாதுன்னா, அந்த ஊர்ல வேலை செய்யறவன் எப்படிடா பொழுத ஓட்டுவான்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்?