கட்டடத்துக்குப் பதிவு உண்டு, ஆளுக்கு?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இந்தக் கொங்குப் பக்கத்தில் ஒரு காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அங்கே வேலை பார்த்த சமூகப் பணியாளர் ஒருவர், பயனாளிகளுக்கு வந்த உதவித்தொகையில் பங்கு கேட்டு மாட்டிக்கொண்டாராம். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எதுக்குங்க வம்பு? ராஜினாமா எழுதி வாங்கிட்டு அனுப்பிப் போட்டமுங்க."

அந்த ஆள் இப்போது வேறு மாவட்டத்தில், இன்னொரு டிரஸ்டில். கையில் கொடுத்து அனுப்பிய சான்றிதழில் 'நடத்தை: நன்று'.

இவரைத் திட்டுவது சுலபம். ஆனால் போலீஸ் தவிர வேறு எங்கே சொல்லியிருக்க முடியும் என்று தேடிப் பார்த்தேன். வக்கீல் தவறு செய்தால் 1961 சட்டப்படி பார் கவுன்சில் விசாரிக்கும். டாக்டர் என்றால் மருத்துவ கவுன்சில். கோவையிலேயே பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி மாதிரி இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு வருகிறார்கள். காப்பகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ அவர்கள் வேலைக்குச் சேர எந்தப் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டியதில்லை. பெயரே இல்லாத இடத்தில் எதை நீக்குவது?

நம் சட்டங்கள் கட்டடத்தைத்தான் பார்க்கின்றன. 2014-ல் பொள்ளாச்சி விடுதியில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்த அதே ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2015 சிறார் நீதிச் சட்டமும் குழந்தைகள் இல்லங்கள் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது. இரண்டும் அவசியம்தான். ஆனால் ஒரு இல்லத்தை மூடினாலும் அங்கே இருந்த ஆள் அடுத்த இல்லத்துக்குப் போய்விடலாம்.

ஒரே ஒரு இடத்தில் சட்டம் நிறுவனத் தலைவரின் சட்டையைப் பிடிக்கிறது. போக்சோ சட்டத்தின் 21(2) பிரிவு. தனக்குக் கீழே வேலை செய்பவர் குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தது தெரிந்தும் சொல்லாத பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. 2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி இறந்த வழக்கில், ஆசிரியர் மட்டுமல்ல, புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று தலைமை ஆசிரியரும் கைதானார். ஆனால் பங்கு கேட்பது, வீட்டு ஆய்வு அறிக்கையைப் பொய்யாக எழுதுவது, குடும்ப ரகசியத்தை வெளியே சொல்வது எல்லாம் போக்சோவில் வராது.

மனநலச் சமூகப் பணியாளர்களுக்கு மட்டும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில ஆணையத்தில் பதிவு உண்டு. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசியச் சட்டத்தின் பட்டியலிலும் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியை ஒட்டியவர்களுக்கு ஒரு வழி திறக்கிறது. காப்பகத்தில் இருப்பவர்கள்?

இங்கிலாந்தில் 2019 டிசம்பரிலிருந்து 'சோஷியல் ஒர்க் இங்கிலாந்து' என்ற ஆணையம் இருக்கிறது. பதிவேட்டை யாரும் பார்க்கலாம். முதலாளி மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். ஆள் ராஜினாமா செய்துவிட்டார் என்பதற்காக விசாரணை நிற்காது. எச்சரிக்கை, நிபந்தனை, இடைநீக்கம், பெயர் நீக்கம் எனத் தண்டனையிலும் படிகள் உண்டு.

அதுவும் குறையில்லாதது இல்லை. முகநூலில் தன் கருத்தைப் பகிர்ந்ததற்காக ஒரு சமூகப் பணியாளர் மீது முதலாளியான மாநகராட்சியும் ஆணையமும் நடவடிக்கை எடுத்தன. அது துன்புறுத்தல் என்று 2024 ஜனவரியில் தொழிலாளர் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. டிரஸ்டின் கணக்கைக் கேள்வி கேட்ட பணியாளரை ஒழித்துக்கட்ட ஒரு புகார்க் கடிதம் போதும். அதனால் வெறும் பதிவேடு பத்தாது. குற்றம் சாட்டப்பட்டவரின் பேச்சையும் கேட்கும் விசாரணை வேண்டும், பொய்ப் புகாருக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும்.

என் சாஃப்ட்வேர் துறையில் பழைய கம்பெனியிடம் விசாரித்தால் பெரும்பாலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்தான் பதிலாக வரும். கோடு எழுதுகிறவனுக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். அப்பா அம்மா இல்லாத குழந்தையின் ஃபைலைக் கையில் வைத்திருப்பவருக்கும் அதே அளவுகோல்தானா?

பந்தியில் பேசியவர் கெட்டவர் இல்லை. காப்பகத்தின் பெயரைக் காப்பாற்றினார். அடுத்த மாவட்டத்துப் பயனாளிகளைக் காப்பாற்றும் கடமையை அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. அதைச் சட்டம்தான் கொடுக்க வேண்டும்.